வளவில் மூங்கில்: ஒரு புதரை வைத்தலும் பெருக்கலும்

யாழ்ப்பாணக் குடாநாடு மூங்கிலின் பிறப்பிடமன்று. மலைச்சாரலிலும் ஆற்றங்கரையிலும் தழைத்து வளரும் புல்லினம் அது. நமக்கோ மலையில்லை, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறுமில்லை. தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலின் தலமரம் மூங்கில். அவ்வூர் வேணுவனம் என்றே வழங்கப்பட்டது. நமது திருநெல்வேலியிலோ செம்மண் தோட்டங்களில் மரக்கறியும் வாழையுமே கண்ணிற்படும். ஆயினும் மூங்கில் தடி தேவைப்படாத வளவு இங்கு அரிது. மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி, ஏணி, புடோலுக்கும் பாகலுக்கும் பந்தல், தக்காளிக்கு ஊன்றுதடி, குலை தள்ளிய வாழைக்கு முட்டு, வீடு கட்டும்போது சாரம் என ஒவ்வொன்றுக்கும் தடி வேண்டும். இவற்றை விலைகொடுத்து வாங்கிச் சலித்தவர்களே, வளவில் மூங்கில் வைக்கலாமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் வந்து வினவுகின்றனர்.

வைக்கலாம் என்பதே விடை. ஆனால் ஒரு வளவுக்கு ஒரு புதர் போதும். அது கிணற்றடிக் கழிவுநீர் சென்று சேருமிடத்தில் இருத்தல் வேண்டும், வேலியோரத்தில் இருத்தலாகாது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டவர் எஞ்சியவற்றை எளிதாகச் செய்துகொள்வார். இவற்றை விட்டுவிட்டுத் தொடங்குபவருக்கு மூங்கிலால் வரும் பயனிலும் தொல்லையே அதிகம்.

கழிவுநீர் என்று வற்புறுத்துவதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். குடாநாட்டிற்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்து முடிந்துவிடும். அந்நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுட் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கிறது. நமது கிணறு அனைத்தும் அப்படலத்தையே உறிஞ்சுகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். ஓரிடத்து நன்னீர் ஒருமுறை உவர்ப்பட்டால், அது மீண்டும் நன்னீராகப் பல மாரிகள் வேண்டும். ஆகவே தை முதல் புரட்டாதி வரை பச்சைப்பசேலென நிற்கவேண்டிய ஒரு பயிருக்கு இயந்திரத்தால் நன்னீர் இறைத்து ஊற்றுவது நீதியாகாது. ஏற்கெனவே குளித்து, துவைத்து, கழுவி விட்ட நீரை அது குடித்து வாழட்டும். நம் முன்னோர் கிணற்றடியில் வாழையையும் கமுகையும் வைத்தது இக்கருத்துப் பற்றியே. அவ்வரிசையில் மூங்கிலும் ஒன்றாகலாம்.

என்றும் பசுமையானது என்பதன் பொருள்

சில மூங்கில்கள் கோடையில் இலையனைத்தையும் உதிர்த்து மொட்டையாக நிற்கும். வேறு சில ஆண்டு முழுவதும் பசுமையாயிருக்கும். பசுமையானவை இலையே உதிர்ப்பதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவையும் உதிர்க்கும், ஆனால் பழைய இலை விழ விழப் புதிய இலை தளிர்ப்பதனால் மொட்டை நிலை தோன்றுவதில்லை. பங்குனி, சித்திரையில் இலை சற்று மஞ்சளித்து நிலமெங்கும் சருகு பரவுவதைக் கண்டு நோய் வந்துவிட்டதென்று அஞ்சுவோர் பலர். தளிர் வருகின்றதா என்று கணுக்களைப் பாருங்கள். வருமாயின் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

எதை வைப்பது

நமது வளவுக்கு முதலிற் கூறத்தக்கது, தாவரவியலார் பம்பூசா வல்காரிஸ் என அழைக்கும் இனம். பச்சைத் தடி உடையது ஒன்று. பொன்மஞ்சள் தடியிற் பச்சைக் கீறல் ஓடுவது மற்றொன்று. இலங்கையின் ஈரவலய ஆற்றங்கரைகளில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கு நடப்பட்டு நிற்பது பெரும்பாலும் இதுவே. முள்ளில்லை, நீர் கிடைத்தால் ஆண்டு முழுவதும் பசுமை மாறாது, எல்லா மூங்கிலிலும் எளிதாக வேர்பிடிக்கும். 30 முதல் 50 அடி வரை உயரும். தடியில் மாச்சத்து அதிகமாதலால் வண்டு துளைப்பதே இதன் குறை. அதற்குரிய பரிகாரத்தைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டு பரப்புக்குட்பட்ட சிறுவளவினர்க்கு இதுவும் பெரிது. அவர்கள் சீனநாட்டிலிருந்து பரவிய வேலி மூங்கிலை வைக்கலாம். 10 முதல் 20 அடி வரையே உயரும். தடி விரலளவே பருக்கும். இலை நுணுக்கமாகவும் அழகாகவும் இருக்கும். சாரத்திற்கும் ஏணிக்கும் உதவாது. ஆனால் தக்காளிக்கும் பயிற்றைக்கும் ஊன்றுதற்கு இதைவிட நல்ல தடியில்லை.

கழிவுநீரும் கிடையாத வறண்ட காணியில் கல்மூங்கில் ஒன்றே நிற்கும். இந்தியாவின் வறண்ட காடுகளுக்கு உரியது; தடியின் உட்குழி மிகச் சிறிது, சிலவற்றில் இல்லையென்றே சொல்லலாம்; வலிமையில் முதன்மையானது. கோடையில் இலையுதிர்ப்பதால் பசுமை வேண்டுவோர்க்கு ஏற்றதன்று. முள்மூங்கிலைக் குழந்தைகளும் கால்நடையும் உலாவும் வளவில் எக்காரணம் பற்றியும் வைக்கவேண்டாம். பேராதனைப் பூங்காவில் இராட்சத மூங்கிலைக் கண்டு மயங்கி, அதைக் கொண்டுவர விரும்புவோரும் உளர். அது மகாவலிக் கரையில் நிற்பதென்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குவளையில் நீரூற்றி வைத்து அதிர்ஷ்ட மூங்கில் என்று விற்கப்படுவது மூங்கிலே அன்று. வேறொரு குடும்பத்துச் செடி. அதை மண்ணில் நட்டு ஊன்றுதடிக்குக் காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருப்பர். குளிர்நாட்டு ஓடும் மூங்கிலையும் தவிர்க்க வேண்டும். அதன் நிலக்கீழ்த் தண்டு நெடுந்தூரம் ஓடி அயலிடங்களில் முளைக்கும். நாம் மேலே கூறியவை யாவும் ஓரிடத்திலேயே நெருங்கிப் புதராகும் இனங்கள்.

மூங்கில் வளரும் முறை

பெருக்கும் முறையை விளங்கிக்கொள்ள வளர்ச்சியை அறிதல் அவசியம். மூங்கில் மரமன்று, நெல், குரக்கன், கரும்பு ஆகியவற்றின் இனத்தது. நெல் மட்டம் வெடிப்பதுபோல இதுவும் நிலத்தினுள் மட்டம் வெடிக்கிறது. வாழையை நினைத்துப் பாருங்கள். வாழைக் கிழங்கிலிருந்து குட்டி வெளிவருகிறது. அக்குட்டியின் அடியில் மறுகிழங்கு உண்டாகிறது. மூங்கிலிலும் ஒவ்வொரு தடியின் அடியிலும் கொம்புபோல் வளைந்த நிலக்கீழ்த் தண்டு ஒன்றுண்டு. அதன் பக்கக் கண்ணிலிருந்து மாரியில் முளை கிளம்பும். அம்முளை வெளிவரும்போது எவ்வளவு பருமனோ அவ்வளவே அதன் இறுதிப் பருமன். ஆண்டுகள் சென்றாலும் பருக்காது. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். பின்னர் உயர்வதில்லை, முற்றுவது மட்டுமே. முற்றுவதற்கு மூன்று ஆண்டு செல்லும்.

ஆகவே தளிர் விடுவதும் வேர் விடுவதும் மட்டும் மூங்கிற் கன்றாகிவிடுவதற்குப் போதா. நிலக்கீழ்த் தண்டு உண்டாகவேண்டும். அஃதில்லாத செடி பல மாதம் பச்சையாக நின்றும் புதராகாது. கன்று வாங்குவோரும் இதனையே நோக்கவேண்டும். மண்ணிலிருந்து ஒரு புதுமுளை தனியே வெளிவந்திருந்தால் அக்கன்றை நம்பி வாங்கலாம்.

விதையை நாடவேண்டாம். பச்சை, மஞ்சள் மூங்கில்கள் பூப்பது மிக அரிது. பூத்தாலும் விதை உண்டாவதில்லை. உலகெங்கும் நிற்கும் இவ்வினப் புதர்கள் யாவும் தடியாலும் கிளையாலும் கிழங்காலும் பெருக்கப்பட்டவையே. மூங்கில் பூத்தால் பஞ்சம் வருமென்று முதியோர் கூறுவர். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. இந்தியாவின் மிசோ மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கொருமுறை ஓரின மூங்கில் கூட்டமாகப் பூத்து விதைக்கும். அவ்விதையைத் தின்று பெருகும் எலி பின்னர் வயலை அழிக்கும். 1959ஆம் ஆண்டளவில் அங்கு இவ்வாறு கொடிய பஞ்சம் உண்டாயிற்று. 2007ஆம் ஆண்டளவில் அம்மூங்கில் மீண்டும் பூத்தது. அது மலைகளை மூடிய காட்டின் கதை. நமது கிணற்றடிப் புதர் ஒன்றினால் அவ்வச்சம் வேண்டியதில்லை.

தடித்துண்டால் பெருக்குதல்

இதுவே நாம் முதன்மையாகக் கூறும் முறை. பருவம் பங்குனிப் பிற்பகுதியும் சித்திரையும். மாரியில் வந்த முளைகளுக்குச் சேமித்த உணவையெல்லாம் தாய்ப்புதர் ஊட்டி முடித்து, மீண்டும் தடியில் உணவு சேரும் காலம் அது. கணுவிலுள்ள கண்கள் உறக்கத்திலிருக்கும். சித்திரையில் இரண்டொரு மழையும் கிடைக்கலாம். அப்போது பதித்தால் ஐப்பசி மழைக்கு ஆறுமாதக் கன்று கையிலிருக்கும். மாரி தொடங்கிய பின்னர்த் தடி வெட்டிப் பதிப்பவர், வேர்பிடித்த இளங்கன்றைச் சோளகக் காற்றுக்கும் வெயிலுக்கும் பலிகொடுக்க நேரும்.

தாய்த்தடி இரண்டாம் ஆண்டைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். கடந்த மாரியில் வந்த தடியில் பாளைபோன்ற உறை இன்னும் ஒட்டியிருக்கும், வெண்பொடி பூத்திருக்கும், அது இளசு, அழுகிவிடும். நாலைந்தாண்டுத் தடி மங்கி, வெளிறிய பாசித் திட்டுகள் படர்ந்திருக்கும். அதன் கண்கள் சோம்பியவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, உறை உதிர்ந்து, பளபளப்பாகவும் கணுக்களில் உயிருள்ள கண்களோடும் நிற்பதே வேண்டியது.

அதிகாலையில் வெட்டுங்கள். வெட்டிய தடியை வெயிலிற் போடாது ஈரச்சாக்கினால் மூடிவைக்கவேண்டும். அன்றே பதித்துவிடுவது நன்று. மெல்லிய நுனிப்பகுதியை நீக்கி, எஞ்சியதை இரண்டிரண்டு கணுக்கள் கொண்ட துண்டுகளாக வாளால் அறுக்கவேண்டும். கத்தியால் வெட்டினால் தடி பிளக்கும். பிளவு கணுவை எட்டினால் துண்டு பயனற்றது. கணுவுக்கு அப்பால் இருபுறமும் மூன்று அங்குலம் விட்டு அறுங்கள். பக்கக் கிளைகளை இரண்டு அங்குலம் விட்டுத் தறியுங்கள். கிளையின் அடியிலுள்ள கண்ணே பின்னர் முளைப்பது, அது காயப்படலாகாது.

இனி, கேரள மாநிலத்துப் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் பரப்பிய ஓர் உபாயம். இரு கணுக்களுக்கும் நடுவே தடியின் மேற்புறத்தில் விரல் நுழையுமளவு ஒரு துளையிட்டு, உள்ளே 200 மில்லிலீற்றர் அளவு வேர்த்தூண்டிக் கரைசல் ஊற்றி, துளையைப் பொலித்தீன் துண்டினால் இறுகக் கட்டிவிடவேண்டும். நப்தலீன் அசற்றிக் அமிலம் என்னும் தூள் 1 கிராமைச் சிறிது மதுசாரத்திற் கரைத்து 10 லீற்றர் நீரிற் கலந்தால் வேண்டிய கரைசலாகும். அத்தூள் கிடைக்காதோர் வெறும் நன்னீரை ஊற்றினாலும் பச்சை மூங்கிலிலும் மஞ்சள் மூங்கிலிலும் போதிய துண்டுகள் பிழைக்கும். தடியின் குழியே ஒரு நீர்க்குடமாவது நம்போன்ற வறண்ட நாட்டாருக்கு ஏற்ற ஏற்பாடு.

நாற்றுமேடையை மரநிழலில், அல்லது கிடுகுப் பந்தலின் கீழ் அமையுங்கள். செம்மண், ஆற்றுமணல் அல்லது உவரற்ற மணல், நன்கு மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, கறையானைத் தடுப்பதற்கு வேப்பம்பிண்ணாக்குச் சிறிது சேர்க்கவேண்டும். கடற்கரை மணலை எடுத்து வரவேண்டாம். துண்டுகளைத் துளை மேல்நோக்கியும் கண்கள் பக்கவாட்டிலும் இருக்குமாறு கிடையாக வைத்து, மேலே ஒன்றரை அங்குல மண்ணிட்டு, வைக்கோலினால் அல்லது காய்ந்த இலையினால் மூடுங்கள். காலையும் மாலையும் பூவாளியால் தெளித்தல் போதும். ஈரம் காயலாகாது, நீர் தேங்கவும் ஆகாது.

இரண்டு மூன்று வாரத்திற் பச்சைத் தளிர் தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்கின்றனர். தளிர் கண்டதும் வேரும் வந்துவிட்டதென்று பிடுங்கிப் பையில் வைப்பர். சில நாளில் அது வாடும். அத்தளிர் தடியிற் சேர்ந்திருந்த உணவினால் வந்தது. வேர் வர இன்னும் ஆறு முதல் பத்து வாரம் செல்லும். ஆட்டிப் பார்ப்பதும் தோண்டிப் பார்ப்பதும் வேண்டா. மூன்று மாதம் கழிந்தபின் ஓரத்து மண்ணை விரலால் விலக்கிப் பார்த்து, வேர் அடர்ந்திருந்தால் மட்டும், இரு கணுக்களுக்கு இடையே அறுத்து ஒவ்வொன்றையும் பெரிய பைக்கு மாற்றுங்கள். ஆவணி வெயிலில் நிழல் நீக்கவேண்டாம். புரட்டாதியிற் சிறிது சிறிதாக வெயில் காட்டிப் பழக்கலாம். இதற்குச் செலவாகும் நன்னீர் சில வாளிகளே, அது தகும்.

கிளையும் கிழங்கும்

தடியை இழக்க மனமில்லாதவர் பக்கக் கிளையால் முயலலாம். நடுத்தடியிலுள்ள முதற்கிளைகளின் அடி புடைத்து, வேர் முனைகள் மருப்போல் அரும்பியிருக்கும். அப்புடைப்புச் சிதையாமல் தடியோடொட்ட அறுத்து, மூன்று கணு விட்டு நுனியைத் தறித்து, புடைப்பு முழுவதும் மண்ணுள் இருக்க நட்டு நிழலில் வளர்க்கவேண்டும். வேர் எளிதில் வரும். ஆனால் நிலக்கீழ்த் தண்டு உண்டாக ஓராண்டும் அதற்கு மேலும் செல்லலாம். பொறுமையுடையோர்க்கு இது செலவற்ற வழி.

கிழங்கோடு பெயர்த்து நடுவது நம்மூர் வழக்கம். உறுதியானதே, எனினும் தாய்ப்புதருக்கு ஊறு செய்வது. வேண்டுமாயின் புரட்டாதிக் கடைசியில், முளை கிளம்புமுன், புதரின் வெளிவிளிம்பிலுள்ள ஓராண்டு அல்லது ஈராண்டுத் தடியைத் தெரிந்து, தாயோடு அது சேரும் ஒடுங்கிய கழுத்திற் கோடரியால் ஒரே வெட்டில் துண்டித்து, தடியை நாலடியிற் குறைத்து, அன்றே நட்டுவிடுங்கள். ஒரு புதரிலிருந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்கலாகாது.

இடமும் குழியும்

குழி வெட்டுமுன் அலவாங்கினால் நிலத்தைக் குத்திப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் சிலவிடங்களில் ஆழமானது. சிலவிடங்களில் ஓரடிக்குள்ளேயே கல் தட்டும். மூன்றடி மண்ணாவது இருக்குமிடமே வேண்டும். கற்பாரின் மேல் வைத்த மூங்கில் இரண்டாம் கோடையிற் காய்ந்துவிடும். தென்மராட்சி மணற்பாங்கான நிலத்தில் ஆழத்திற்குக் குறைவில்லை. எருவும் மூடாக்கும் கூடுதலாக இடவேண்டும். தீவுப்பகுதியிலும் கடலோரங்களிலும் கிணற்றுநீர் உவர்க்குமாயின் இம்முயற்சியை விட்டுவிடுங்கள். மூங்கில் உவரைத் தாங்காது. அங்கே பனையே அரசன்.

கிணற்றுக்கும் வீட்டுச் சுவருக்கும் 15 அடி தள்ளியே புதர் இருக்கவேண்டும். மூங்கிலின் வேர் ஆணிவேரன்று. மேல்மண்ணிற் பரவும் நார்வேர். ஆயினும் சருகு கிணற்றில் விழுந்து நீரைக் கெடுக்கும். மின்கம்பியின் கீழ் வைத்தலாகாது. இனி வேலி. ஒரு கதியால் ஒரு முழம் அப்பாற் போனதற்கு நீதிமன்றம் ஏறிய நாடு இது. மூங்கிற் புதர் ஆண்டுக்காண்டு வெளிநோக்கி விரியும். தடி வளைந்து 10 அடி அப்பாலும் சாயும். மாரிக்காற்றில் அயலாரின் ஓட்டின் மேல் உராயும். எல்லையிலிருந்து குறைந்தது 12 அடி உள்ளே வைப்பவருக்கு அயலாரோடு பேச்சு நின்றுபோகாது. அவ்வளவு இடமில்லாதவர் வேலி மூங்கிலை ஆறடி தள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியைப் புரட்டாதியிலேயே வெட்டி ஆறவிடுங்கள். தோட்டத்திற் பனையோலை தாழ்ப்பதுபோல, நறுக்கிய பனையோலையையும் குழையையும் அடியில் ஓரடிக்கு இட்டு மிதித்து, அதன்மேல் மூன்று கடகம் மக்கிய எருவை மேல்மண்ணோடு கலந்து நிரப்பவேண்டும். சுண்ணாம்பு இடவேண்டியதில்லை, நமது நிலத்தில் அது வேண்டிய மட்டும் உண்டு. சாம்பலையும் இதே காரணத்தால் அளவோடு நிறுத்துங்கள். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்த பின்னர்க் கன்றைப் பையிலிருந்தபடியே, வேர்மண் உதிராமல், இரண்டங்குலம் தாழ்த்தி நடுங்கள். மாரியில் நாட்கணக்காக வெள்ளம் நிற்குமிடமாயின் மண்மேடிட்டு நடவேண்டும்.

பராமரிப்பு

கிணற்றடியிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, புதரைச் சுற்றி வட்டப் பாத்தியில் நீர் சேரச் செய்யுங்கள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஆகும். வெளுக்கும் மருந்து கலந்த நீரை வேறுபுறம் திருப்பவேண்டும். முதற்கோடை மட்டும் கண்ணுங் கருத்துமாக இருங்கள். பாத்தி காயாதிருந்தால் கன்று தப்பும். விழுந்த சருகைக் கூட்டி எரிப்பது நம்மவரின் பழக்கம். மூங்கிலடியிற் கூட்டவே வேண்டாம். மூங்கில் மண்ணிலிருந்து சிலிக்கா என்னும் சத்தை மிகுதியாக எடுக்கிறது. அச்சருகு மக்கினாலன்றி அது திரும்பி வராது. சருகே மூடாக்குமாகும்.

பசளையாக ஆண்டுதோறும் மாரிக்கு முன் இரண்டு மூன்று கடகம் எரு போதும். யூரியாவை அள்ளிக் கொட்டவேண்டாம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பது நீர்ச் சோதனைகளிற் கண்ட செய்தி. தோட்டத்தில் இட்ட பசளை கல்வெடிப்பு வழியே குடிநீரிற் கலக்கிறது. கிணற்றடியில் இடுவது இன்னும் விரைவிற் கலக்கும்.

ஆடும் கட்டாக்காலி மாடும் இளமுளையைக் கடித்துவிடும். முதல் மூன்றாண்டுக்கு முள்ளடைப்பு வேண்டும். கால்நடைக்கும் அது நல்லதன்று. மூங்கில் முளையில் மரவள்ளியில் உள்ளது போன்ற நஞ்சுப்பொருள் உண்டு. கறி சமைக்க விரும்புவோர் துண்டாக்கி நன்றாக அவித்து, அந்நீரை ஊற்றிவிட்ட பின்பே உண்ணலாம்.

முதலாண்டு வருவன பென்சிற் பருமனே இருக்கும். மனந்தளர வேண்டாம். ஆண்டுக்காண்டு முளை பருத்து வரும். இரண்டாண்டுக்கு ஒன்றையும் வெட்டாதீர்கள். அச்சிறு தடிகளின் இலையே கிழங்கை வளர்க்கிறது. மூன்றாமாண்டு முதல் மெலிந்தவற்றையும் காய்ந்தவற்றையும் நீக்கி நடுப்பகுதிக்குக் காற்றோட்டம் செய்யுங்கள். பாம்பு குடியிருக்குமென்ற அச்சமும் புதர் துப்புரவாக இருந்தாற் பெரிதும் நீங்கும்.

வெட்டுதல்

ஐந்தாமாண்டளவிற் பயன்தரும் தடி கிடைக்கும். மூன்று வயது நிரம்பியதை மட்டுமே வெட்டவேண்டும். வயதை மறவாதிருக்க ஓர் எளிய வழியுண்டு. ஆண்டுதோறும் தைப்பொங்கல் முடிந்தபின், அம்மாரியில் வந்த தடிகளில் அவ்வாண்டின் எண்ணை மையினால் எழுதிவையுங்கள். பின்னர் ஐயமே இராது. மாசி முதல் ஆனி வரை வெட்டுங்காலம். முளை வரும் மாரியில் வெட்டலாகாது. தேய்பிறையில் வெட்டினால் வண்டு அரிக்காதென்பர்; நாம் அறிந்தவரை, பிறையிலும் பருவமும் தடியின் வயதுமே முக்கியம். ஒருமுறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாமலும், இளந்தடிக்கு அருகில் ஒரு முதுதடி துணை நிற்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். புதரின் ஒருபுறத்தையே மழித்துவிடுவோரின் புதர் அடுத்த காற்றிற் சாயும்.

வெட்டும் இடம் மிக முக்கியமானது. நிலத்திற்கு மேலுள்ள முதற்கணுவுக்குச் சற்று மேலே, கணுவோடொட்ட வெட்டவேண்டும். கணுவிடையின் நடுவில் வெட்டினால் எஞ்சிய அடிக்கட்டை ஒரு கிண்ணமாகி மழைநீரைத் தேக்கும். டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையிட அத்தகைய கிண்ணத்தைவிட நல்ல இடம் வேறில்லை. மாரியோடு டெங்கு வரும் மாவட்டத்தில், வளவில் மூங்கில் வைத்தவர் இதற்குப் பொறுப்பாளி. பழைய கட்டைகள் கிண்ணமாக இருந்தால் பிளந்துவிடுங்கள், அல்லது மண்ணிட்டு நிரப்பிவிடுங்கள்.

வெட்டிய பச்சைத் தடியை அப்படியே பாவித்தால் ஆறு மாதத்துள் மஞ்சள் மாவாக உதிரும். மாச்சத்தைத் தேடி வரும் சிறுவண்டின் வேலை அது. கிடுகு பின்னத் தென்னோலையை ஊறப்போடுவதுபோல, தடியையும் நீரில் முழுவதும் அமிழ்த்திக் கல்லேற்றி மூன்று நான்கு வாரம் ஊறவிட்டால் மாச்சத்துக் கரைந்துவிடும். நாற்றம் வரும், ஆகவே குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் வேண்டாம். பின்னர் எடுத்துக் கழுவி, நிழலில், நிலத்திற் படாதபடி கட்டைகளின் மேற் கிடத்தி, இரண்டு மாதம் உலர்த்தவேண்டும். வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும். சுவரிற் சாய்த்து நிறுத்தினால் வளையும். அடியிற் கறையானும் ஏறும்.